இளைச்சுட்டன்னு சொன்னாங்க, எது இளைச்சுச்சுன்னு யாரும் கேக்கல

மலேசியாவுல, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில்ல 513 படி. தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்கிட்டு அந்தப் படி ஏறுறது எனக்கு கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து பழக்கம், வெறுங்கால், வெயில், கூட்டம் எதுவும் பெருசா தெரியாது, வேல் வேல்னு சொல்லிட்டே ஏறிடுவேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி மட்டும் பாதிப் படியிலயே தொடை ரெண்டும் நடுங்க ஆரம்பிச்சுருச்சு. குடம் தலையில ஆடுது, பின்னாடி வந்த எங்க அண்ணி ஒரு கைய என் முதுகுல வச்சு தாங்கிட்டே வந்தாங்க, அப்படித்தான் மேல போய்ச் சேந்தேன்.

அந்த வருஷந்தான் நான் என் வாழ்க்கையிலயே அதிகமா எடை குறைச்சிருந்தேன். அஞ்சு மாசத்துல 11 கிலோ, 71லேர்ந்து 60. கோயில்ல பாத்த சொந்தக்காரங்க எல்லாரும் "ஐயோ எவ்ளோ இளைச்சுட்ட, எப்படி குறைச்ச, எங்களுக்கும் சொல்லு"ன்னு கேக்குறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பயம். எடை குறைஞ்சா உடம்பு லேசாகி படி ஏறுறது சுலபமாத்தானே ஆகணும், ஏன் எனக்கு நேர்மாறா ஆச்சு?

இதுக்குப் பதில் தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. நம்ம பேச்சுல "சதை போட்டுருச்சு"ன்னா குண்டாயிட்டாங்கன்னு அர்த்தம். கைய மடக்கி புஜத்தைக் காட்டுற பையனுக்கும் அதே சதைதான். தொப்பையில தொங்குறதுக்கும் தொடையில நம்மள தூக்கி நிறுத்துறதுக்கும் ஒரே பேர வச்சிட்டோம், அதனாலயோ என்னமோ ரெண்டும் ஒண்ணுன்னே நெனச்சுட்டு இருந்தேன். நான் குறைச்ச 11 கிலோவுல கொழுப்பும் இருந்துச்சு, என்னை நடக்க வைக்கிற தசையும் சேந்து போயிருந்துச்சு. சாப்பாட்டை சும்மா வெட்டி எடை குறைச்சா, போற எடையில கால்வாசி வரைக்கும் இப்படி தசையா போகலாம். எடைக்கருவிக்கு அது தெரியாது, அது நம்பரை மட்டுந்தான் காட்டும்.

என்னைப் பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன், அப்பத்தான் நான் சொல்றது யாருக்கு ஒத்துவரும்னு உங்களுக்குப் புரியும். வயசு 41, உயரம் 157 சென்டிமீட்டர், ரெண்டு பிள்ளைங்க. வீடு பட்டர்வொர்த், வேல பினாங்குத் தீவுல, பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில, 12 மணி நேர ஷிஃப்ட், ஃபேக்டரி பஸ்ல பாலம் தாண்டி போயிட்டு வரணும். காலையில மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரெண்டு ரொட்டி சானாய், நம்ம பரோட்டா மாதிரி, கூட கெட்டிப்பால் ஊத்தி ஆத்துன டீ, தே தாரிக், ஒண்ணு. மதியம் கேண்டீன்ல மலை மாதிரி சோறு, மேல கறிக்குழம்பு, அதுல ஒரு சின்ன கோழித்துண்டு. நடுவுல மைலோ, பிஸ்கட். ராத்திரி வீட்டுக்கு வந்து மீ கோரேங்கோ (வறுத்த நூடுல்ஸ்) மிச்சமிருந்த சோறோ. எங்க அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), பெரியம்மாவுக்கு இனிப்புநீர் முத்தி ஒரு கால் விரலை எடுத்தாச்சு. எனக்கும் வரும்னு தெரியும், எப்போ வரும்னுதான் தெரியாது, அந்தப் பயத்துலதான் மொத தடவ எடை குறைக்கவே ஆரம்பிச்சேன்.

மொத தடவ செஞ்சது இதுதான். சோத்த முழுசா நிறுத்தினேன். காலையில ஒண்ணுமில்ல, மதியம் ரெண்டு ஆப்பிள், ராத்திரி காய்கறி சூப். தினமும் ஒரு மணி நேரம் வேக நடை. கூட வேல செய்றவங்க ஒருத்தவங்க விக்கிற ஸ்லிம்மிங் காப்பி ஒண்ணும் குடிச்சேன். அந்தக் காப்பிய குடிச்சா பசியே எடுக்காது, ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், ராத்திரி தூக்கம் வராது, நான் அத நல்ல அறிகுறின்னு நெனச்சேன். இத நான் தைரியமா வெளிய சொல்றதுக்குக் காரணம் இப்பவும் எங்க லைன்ல பாதிப்பேர் இந்த மாதிரி ஏதாவது ஒண்ண குடிச்சுட்டுத்தான் இருக்காங்க. சிபுட்ராமின்னு ஒரு மருந்து, இதயத்துக்கு ஆபத்துன்னு 2010ல பல நாட்டுல நிறுத்தினது, மெலிய வைக்கிற காப்பி, டீ, மாத்திரைகள்ல அத ரகசியமா கலக்குறாங்கன்னு நம்ம சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கை குடுத்துட்டே இருக்கு. நான் குடிச்சதுல அது இருந்துச்சான்னு எனக்குத் தெரியப்போறதில்ல, ஆனா பசிய அடக்குற மாத்திரைன்னு யாராவது நீட்டுனா பெட்டியில அமைச்சுல பதிஞ்சதுக்கான எம்.ஏ.எல். எண் இருக்கா, ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா காசு குடுத்து வாங்கிட்டு இருந்தாலும் குப்பையில போடுங்க.

தைப்பூசம் முடிஞ்சதும் சோறு திரும்ப வந்துச்சு, எடையும் திரும்ப வந்துச்சு. தீபாவளி வரைக்கும் 69 ஆயிருச்சு. எடை வந்தது பெருசா வலிக்கல. 71 கிலோவுல போட்ட பேன்ட் 69 கிலோவுல இடுப்புல ஏறல, அதுதான் வலிச்சுச்சு. போனது தசையும் கொழுப்பும், திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்பு.

அந்த டிசம்பர்ல அம்மாவ கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) மருந்து எடுக்க கூட்டிட்டுப் போனப்ப நானும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி பதிஞ்சு ரத்தம் குடுத்தேன். மூணு மாச சராசரி சீனி 6.1. நம்ம நாட்டு கணக்குல 5.7லேர்ந்து 6.2 வரைக்கும் எல்லைக்கோடு, 6.3 ஆச்சுன்னா இனிப்புநீர். இடுப்பளவு 92 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80க்குள்ள இருக்கணும், ஆம்பளைங்களுக்கு 90. அங்க இருந்த டயட்டீஷியன் அக்கா, மலாய்க்காரங்க, ரொம்பப் பொறுமையானவங்க, ஒரு தட்டு படத்தைக் காட்டினாங்க, சூக்கு சூக்கு செபாரோன்னு நீங்களும் பாத்திருப்பீங்க: கால்வாசி சோறு, கால்வாசி மீன் கோழி முட்டை பருப்பு, பாதி காய்கறி பழம். நானும் அந்தப் படத்தை நூறு தடவ போஸ்டர்ல பாத்திருக்கேன். அவங்க என்கிட்ட கேட்ட ஒரு கேள்விதான் புதுசு. "உங்க தட்டுல மொதல்ல எத வைப்பீங்க?" சோறுன்னேன். "மொதல்ல மீனோ முட்டையோ வைங்க, சோத்த கடைசியா வைங்க, மிச்சம் இருக்குற இடத்துல." அவ்வளவுதான் சொன்னாங்க, என் ரெண்டு வருஷமும் அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சுச்சு.

நம்ம ஆளுங்களுக்கு இது ஏன் இன்னும் முக்கியம்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பூனாவுல யாஜ்னிக்னு ஒரு டாக்டர், லண்டன்ல யுட்கின்னு ஒரு டாக்டர், ரெண்டு பேரும் 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல அவங்க படத்தையே போட்டாங்க. ரெண்டு பேருக்கும் உயரத்துக்கு ஏத்த எடை கணக்கு, பிஎம்ஐ, ஒரே 22.3. ஆனா உடம்புல கொழுப்பு அந்த வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2. ஒரே எடை எண்ணு, உள்ள இருக்குற சரக்கு வேற. நம்ம உடம்பு ஒல்லியா தெரிஞ்சாலும் தசை கம்மி, கொழுப்பு ஜாஸ்தி, அதுவும் வயித்துல. சாப்பிட்ட மாவுச்சத்து சீனியா மாறி ரத்தத்துல ஏறுனதும் அதுல பெரும்பங்க உள்ள இழுத்துக்குற இடம் தசைதான். தசை கம்மின்னா அந்தச் சீனி போறதுக்கு இடமில்ல. பட்டினி கிடந்து தசைய கரைச்சப்ப நான் இனிப்புநீர நானே கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன், எனக்கு அப்படித்தான் பட்டுச்சு.

சரி, எவ்ளோ புரோட்டீன் வேணும்? தசை ஏத்துற மாதிரி பயிற்சி செய்றவங்களுக்கு எடைக் கிலோ ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் வரைக்கும் பலன் தெரியுது, அதுக்கு மேல சாப்பிட்டா பெருசா ஒண்ணும் கூடல. எனக்கு 100 கிராம்னு ரவுண்டா வச்சுக்கிட்டேன். ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி மூணு நாள் நான் வழக்கமா சாப்பிடுறத மாத்தாம எழுதிப் பாத்தேன், 45 கிராம்கூட வரல. கோழி கறி சாப்பிடுறேன், மீன் சாப்பிடுறேன், பருப்பு சாப்பிடுறேன், எல்லாம் சாப்பிடுறேன்னுதான் நெனச்சிருந்தேன். சாப்பிட்டதெல்லாம் குழம்பு.

இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்குப் பிடிக்காது, ஆனா சொல்லணும். நம்ம வீட்டு சாம்பார், பருப்புக் குழம்ப புரோட்டீன்னு கணக்கு வைக்காதீங்க. காஞ்ச பருப்புல 100 கிராமுக்கு 24 கிராம் புரோட்டீன் இருக்கு, உண்மைதான். அது வெந்து தண்ணி சேந்து, காயோட கலந்து, ஒரு கரண்டி தட்டுக்கு வர்றப்ப மூணு நாலு கிராம்தான். கெட்டியா கடைஞ்ச பருப்ப ஒரு கப் முழுசா சாப்பிட்டா 18 கிராம் வரைக்கும் வரும், அது வேற கதை, அப்படி யாரும் சாப்பிடுறதில்ல. பருப்பு நல்லதுதான், நார்ச்சத்து இருக்கு, தினமும் சாப்பிடுறேன். ஆனா அது இருக்கு, போதும்னு நெனச்சுட்டு இருந்ததுதான் எங்க வீட்டு மூணு தலைமுறையோட தப்பு.

மொத மாத்தம் காலையில. ரெண்டு ரொட்டி சானாய்ல 600 கலோரி, புரோட்டீன் 14 கிராம் வரும், தே தாரிக் தனி. அதுக்குப் பதிலா மூணு முட்டை, 19 கிராம், 220 கலோரி, கூட ஒரு தோசையோ ரெண்டு துண்டு கோதுமை ரொட்டியோ, வெள்ளரிக்கா. மதியம் 12 வரைக்கும் பசிக்கல. மொத வாரத்துல எனக்கு ஆச்சரியமா இருந்தது இதுதான், ரொட்டி சாப்பிட்ட நாள்ல 10 மணிக்கே கை பிஸ்கட்டுக்குப் போகும். மஞ்சக்கருவ தூக்கிப் போடணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க, நான் போடல, ஆனா எனக்குக் கொழுப்பு ரிப்போர்ட் சரியா இருந்துச்சு, உங்களுக்குக் கொலஸ்ட்ரால் இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு பானை முட்டைய வேக வச்சு ஐஸ்பெட்டியில வச்சிடுவேன், தோலோட வச்சா ஒரு வாரம் தாங்கும்.

ரெண்டாவது மாத்தம் குடிக்கிறது, உண்மையில இதுக்குத்தான் பெரிய பலன். ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பால் (சீனி போட்ட கண்டென்ஸ்ட் மில்க்) 60 கலோரி பக்கம், கடையில ஒரு கப்புக்கு ரெண்டு மூணு கரண்டி ஊத்துறாங்க. நான் ஒரு நாளைக்கு மூணு கப். 450 கலோரி, ஒரு பிளேட் சோத்த குடிச்சுட்டு இருந்திருக்கேன், அதுல வயிறு கொஞ்சம்கூட நிறையல. அரசாங்கம் 2019 ஜூலையில இனிப்பு பானத்துக்கு வரி போட்டாங்க, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா அப்போ லிட்டருக்கு 40 சென்னு, ஆனா அது டின்னுலயும் போத்தல்லயும் வர்றதுக்கு, மாமாக் கடையில ஆத்திக் குடுக்குற டீக்குக் கிடையாது, அதனால அந்த வேலைய நாமதான் செஞ்சாகணும். ஒரேயடியா நிறுத்தாதீங்க, தலைவலி வந்து விட்டுருவீங்க. நான் மொத ரெண்டு வாரம் குறாங் மானிஸ் (இனிப்பு கம்மி), அப்புறம் தே சி கோசோங் (சீனியில்லாத பால் டீ), அப்புறம் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ). மூணாவது மாசம் ஒரு கல்யாண வீட்டுல தே தாரிக் குடிச்சேன், வாய் கூசுச்சு.

கேண்டீன்ல நான் செய்றது: சோறு போடுற மக்சிக்கிட்ட (மலாய் அம்மா) தட்ட நீட்டுறதுக்கு முன்னாடியே "நாசி செத்தெங்ஙா"ன்னு சொல்லிடுவேன், பாதிச் சோறு. சோறு ஒண்ணும் விஷமில்ல, வெந்த சோறு 100 கிராம் 130 கலோரிதான், நான் முன்னாடி 350 கிராம் வாங்கிட்டு இருந்தேன், இப்போ 150. கோழி ரெண்டு துண்டு, தோல எடுத்துருவேன், இல்லன்னா சுட்ட மீன். கங்கோங் கீரை, சாவி கீரை, முட்டக்கோஸ் ரெண்டு கரண்டி. குழம்ப சோத்து மேல ஊத்த விடமாட்டேன், ஓரமா கொஞ்சம். ரெண்டாவது கோழித்துண்டுக்கு ரெண்டு மூணு வெள்ளி கூட ஆகும்னு மொதல்ல யோசிச்சேன், தே தாரிக் ரெண்டு கப் காச மிச்சம் பண்ணிட்டோமேன்னு கணக்கு பாத்தா சரியாப் போச்சு.

பினாங்குல இருந்துட்டு நாசி கண்டார, அந்தப் பல கறிக்குழம்பு ஊத்துன சோத்த, விட முடியுமா, நான் விடல. மாசம் ரெண்டு தடவ ஜோர்ஜ்டவுன் போறப்ப சாப்பிடுறோம். பாதிச் சோறு, கோழியோ கணவாயோ ஒண்ணு, அவிச்ச முட்டை ஒண்ணு, வெண்டிக்கா, கோபிஸ். குவா பஞ்ஜிர் மட்டும் வேணாம்னு சொல்லணும், அந்த அஞ்சாறு குழம்பும் கலந்து சோறு மிதக்குறதுலதான் எண்ணெயும் தேங்காப்பாலும் மொத்தமா இருக்கு. எனக்கும் அந்தக் கலந்த குழம்புதான் ரொம்பப் பிடிக்கும், அதனால ஒரு கரண்டி மட்டும் கேட்டு வாங்கிக்குவேன், கடைக்காரர் அண்ணன் இப்போ நான் கேக்காமலே அளவா ஊத்துறார்.

வீட்டுச் சமையல்ல எண்ணெய அளந்தது எனக்குப் பெரிய பாடம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, எந்த எண்ணெயா இருந்தாலும், ஆலிவோ செம்பனையோ நல்லெண்ணெயோ. நான் போத்தல அப்படியே சாய்ச்சு ஊத்துற ஆளு. ஒரு கறிக்கு ஆறு ஏழு கரண்டி போயிருக்கு. இப்போ நாலு பேர் சாப்பிடுற குழம்புக்கு ரெண்டு கரண்டி, அளந்து. தாளிப்பு குறையல, வெங்காயம் வதங்க கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கிட்டா போதும். தேங்காப்பால வாரத்துல ஒரு நாள் வச்சுக்கிட்டோம். வீட்டுக்காரர் மொத மாசம் முகத்த சுளிச்சார், அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல, அவர் இடுப்பும் நாலு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு.

விலை. ஜிம் போற பையனுங்க எல்லாம் சால்மன், அவகாடோ, இறக்குமதி யோகர்ட்னு பேசுறாங்க, எங்க சம்பளத்துல அது நடக்காது, தேவையுமில்ல. நம்ம பாசார்ல (சந்தை) கிடைக்கிற கெம்பூங் மீன் (கானாங்கெளுத்தி) ரெண்டு, மஞ்ச மொளகா தடவி கல்லுல போட்டா 25 கிராம் புரோட்டீன், சால்மன்ல இருக்குற அதே நல்ல கொழுப்பு இதுலயும் இருக்கு. தக்காளி சாடின் சின்ன டின் ஒண்ணு 20 கிராம் பக்கம், நைட் ஷிஃப்ட்டுக்கு என் உயிர். கோழி நெஞ்சுக்கறி வெந்தது 100 கிராமுக்கு 30 கிராம், தொடைக்கறி கொஞ்சம் கம்மி, ஆனா ருசி ஜாஸ்தி, நான் தோல எடுத்துட்டு தொடைதான் வாங்குறேன். தவ்ஹூ (சோயாவுல செய்ற டோஃபு) வாங்குனா மெதுவா ஆடுறத விட கெட்டியா அமுக்குன தவ்குவா வாங்குங்க, தண்ணி கம்மி, புரோட்டீன் கூட.

தெம்பே பத்தி தனியா சொல்லணும். நம்ம வீடுகள்ல இத மலாய்க்காரங்க சாப்பாடுன்னு ஒதுக்கி வச்சிருக்கோம், எங்க அம்மா அந்த வாசனையே பிடிக்காதுன்னுவாங்க. சோயா அவரைய புளிக்க வச்சு செய்றது, 100 கிராமுக்கு 19, 20 கிராம் புரோட்டீன், ரெண்டு மூணு வெள்ளிக்கு ஒரு கட்டு. நான் மெல்லிசா வெட்டி, உப்புத்தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடுத்து, மீன் வறுவலுக்குப் போடுற அதே மசாலா, கறிவேப்பிலை, ஒரு கரண்டி எண்ணெயில தவாவுல ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு. சம்பால்ல நெத்திலியும் வேர்க்கடலையும் போட்டு பொரிச்ச தெம்பே வேணாம், அது எண்ணெய உறிஞ்சிடும். மொதல்ல சாம்பார்ல கத்திரிக்கா மாதிரி வெட்டிப் போட்டு குடுத்தேன், அம்மா கண்டுபிடிக்கல, மூணாவது தடவ நானே சொன்னேன்.

தயிர் வீட்டுலயே ஊத்தி, மெல்லிசு துணியில கட்டி ஐஸ்பெட்டியில ஒரு பாத்திரத்து மேல ராத்திரி பூரா வடிய விட்டா கெட்டித் தயிர் ரெடி, கடையில அதுக்கு மூணு மடங்கு விலை. புரோட்டீன் பவுடர் ஒரு டப்பா வச்சிருக்கேன், சாப்பாடு அமையாத நாளைக்கு ஒரு ஸ்கூப், 24 கிராம். அது மருந்துமில்ல, விஷமுமில்ல, பால்ல இருந்து எடுக்குறது, வசதிக்காக மட்டும். இல்லாமலே செய்ய முடியும், நான் மொத எட்டு மாசம் வாங்கவேயில்ல.

எவ்ளோ குறைச்சு சாப்பிடணும்? இங்கதான் என் பழைய புத்தி திரும்பத் திரும்ப எட்டிப் பாத்துச்சு. வேகமா குறையணும்னு ஆசை. உடம்புக்குத் தேவையானதுல 300 கலோரி மட்டும் குறைச்சேன், அதுக்கு மேல இல்ல. தசை வளரணும்னா அதுக்குக் கட்டுமானச் சாமான் வேணும், வீட்ட இடிச்சுட்டே கட்ட முடியாது. மாசத்துக்கு அரைக் கிலோ, சில மாசம் ஒண்ணுமே இல்ல. அஞ்சாவது மாசம் எடை 67லயே ஏழு வாரம் நின்னுச்சு, அழுதுட்டேன், எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருந்தேன். அப்புறம் டேப் எடுத்து இடுப்ப அளந்தா அந்த ஏழு வாரத்துல ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு. அதுலேர்ந்து டேப்பத்தான் நம்புறேன், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்ச சாதாரணமா விட்டுட்டு, மாசம் ரெண்டு தடவ. எடைய பாக்கணும்னா காலையில எந்திரிச்சு கழிவறை போயிட்டு வந்து பாருங்க, ஒரு நாள் எண்ண பாக்காதீங்க, வாரச் சராசரி பாருங்க. மாசவிலக்கு வர்ற வாரம் எனக்கு ஒன்றரை கிலோ வரைக்கும் ஏறும், தண்ணி அது. எடை தூக்குறவங்க தசை பலத்துக்கு எடுக்குற கிரியேட்டின் பொடி தினம் 3 கிராம் எடுக்க ஆரம்பிச்சப்பவும் ஒரு கிலோ ஏறுச்சு, அதுவும் தசைக்குள்ள போற தண்ணிதான், பயந்து நிறுத்திடாதீங்க.

சாப்பாடு மட்டும் தசை குடுக்காது, எடை தூக்கணும். எங்க அடுக்குமாடிக்குப் பக்கத்துல மேல்மாடியில ஒரு சின்ன ஜிம், அங்க பயிற்சி குடுக்குற சீனப் பையன் 8 கிலோ டம்பெல்ல நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு உக்காந்து எந்திரிக்கச் சொன்னான், மொத நாள் ஆறு தடவ. வாரத்துக்கு மூணு நாள், 45 நிமிஷம், கால், முதுகு, நெஞ்சு, தோள், கொஞ்சங் கொஞ்சமா எடைய கூட்டணும், அவ்வளவுதான். இப்போ 50 கிலோ பார் தோள்ல வச்சு எட்டு தடவ உக்காந்து எந்திரிக்கிறேன். "எடை தூக்குனா ஆம்பள மாதிரி ஆயிடுவ"ன்னு சொல்லாத சொந்தக்காரங்க இல்ல. ரெண்டு வருஷமா தூக்குறேன், புடவைக் கட்டுக்கு முன்னாடிய விட இப்பத்தான் உடம்பு பாந்தமா இருக்கு. ஆம்பளைங்களுக்கு தசை ஏத்துற டெஸ்டோஸ்டெரோன் ஹார்மோன் பொம்பளைங்க உடம்புல ரொம்ப ரொம்பக் கம்மி, ஆசைப்பட்டாலும் அப்படி வராது.

நைட் ஷிஃப்ட்தான் கஷ்டம், இதுக்கு எனக்கு இன்னும் முழுசா வழி கிடைக்கல. ராத்திரி ஒரு மணிக்கு கேண்டீன்ல நாசி கோரேங் (வறுத்த சோறு) வாசனை வர்றப்ப உடம்பு கெஞ்சும். நான் செய்றது ஏழு மணிக்கு வேல ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுலயே முழுச்சாப்பாடு, ஒரு மணிக்கு டப்பாவுல கொண்டு போன சாடினோ கோழியோ கொஞ்சம் சோறு, வெள்ளரிக்கா, அஞ்சு மணிக்கு ரெண்டு முட்டை, பஸ்ல எதுவும் இல்ல. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு ஆறு மணி நேரமாவது தூங்கணும். தூங்காத நாளுக்கு அடுத்த நாள் என்னால எந்த ஒழுங்கையும் காப்பாத்த முடியல, இனிப்புதான் கேக்கும், இத நான் எழுதி வச்சே பாத்துட்டேன்.

விரதம். தைப்பூசத்துக்கு 48 நாள் சைவம் இருப்போம், முட்டையும் கிடையாது. மொத வருஷம் பயந்தேன், கட்டுன தசையெல்லாம் போயிடுமோன்னு. போகல. காலையில பால் ஒரு கிளாஸோட புரோட்டீன் பவுடர், கூட தோசை. மதியம் தெம்பே 100 கிராம், கெட்டிப் பருப்பு ஒரு கப். சாயங்காலம் கொண்டக்கடல சுண்டல். ராத்திரி தவ்குவா பெரட்டல், கெட்டித் தயிர். 90 கிராம் தாராளமா வந்துச்சு. சைவம்னா சோறும் உருளைக்கிழங்கும் அப்பளமும்னு இருந்தா உடம்பு இறங்கத்தான் செய்யும், அது விரதத்தோட குத்தமில்ல. ஒண்ணு மட்டும் கவனிங்க, பருப்பு கடலைய திடீர்னு கூட்டுனா வயிறு உப்பும், ரெண்டு வாரம் முன்னாடியே கொஞ்சங் கொஞ்சமா பழக்குங்க, தண்ணியும் நல்லா குடிங்க.

இப்போ என் கணக்கு: எடை 64, இடுப்பு 80, மூணு மாச சீனி 5.6. பிஎம்ஐ பாத்தா 26, ஆசியக்காரங்களுக்கு 23க்கு மேல போனாலே அதிக எடைன்னு வச்சிருக்காங்க, அந்த எண்ணுக்கு நான் இன்னும் குண்டுதான். ரெண்டு வருஷத்துல அஞ்சு கிலோ, கேட்டவங்க இவ்வளவுதானான்னு முகம் வாடிப் போறாங்க. அன்னிக்கு 60 கிலோவுல 513 படி ஏற முடியாம நடுங்குனேன். இந்த வருஷம் 64 கிலோவுல குடத்தோட ஏறினேன், நடுவுல ஒரு இடத்துல நின்னேன், அதுவும் முன்னாடி போனவங்க நின்னதால.

கடைசியா அம்மா. அவங்களுக்கு 68. இனிப்புநீர் இருக்குறவங்களுக்கு சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தா புரோட்டீன் கூட்டுறது ஆபத்து, அதனால நான் மொதல்ல கிளினிக்ல அவங்க சிறுநீரக ரிப்போர்ட்ட காட்டி டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன், நீங்களும் வீட்டுப் பெரியவங்களுக்கு அப்படித்தான் செய்யணும், இத தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. டாக்டர் சரின்னாங்க, அளவும் அவங்களே சொன்னாங்க. காலையில ரெண்டு இட்லியோட ரெண்டு முட்டை, மதியம் மீன். அப்புறம் தினமும் டிவி சீரியல் விளம்பர நேரத்துல நாற்காலியில இருந்து கையூணாம எந்திரிச்சு உக்காரணும். மொத வாரம் ஒரு தடவகூட முடியல, கைப்பிடிய பிடிச்சுத்தான் எந்திரிச்சாங்க. நேத்து சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பறப்ப ஹால்லேர்ந்து எண்ணிட்டு இருந்தாங்க, பதினொண்ணு, பன்னெண்டுன்னு சத்தமா, எனக்குக் கேக்கட்டும்னே.